பயாஸ் அப்டேட்டுக்குப் பின் கணினி எழவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழி

மதர்போர்டின் பயாஸைப் புதுப்பித்த கையோடு "போர்டு போய்விட்டது சார்" என்று கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் கடலூரில் எல்லாக் கடைக்கும் உண்டு. பெரும்பாலும் போர்டு போயிருப்பதில்லை. புதிய பயாஸ் எழுதப்படும் சில நிமிடங்கள் ஆபத்தானவைதாம்; ஆனால் சேதத்தில் பெரும்பங்கு அதற்கு அடுத்த பத்து நிமிடங்களில், பதற்றத்தில் நடக்கிறது. திரை கறுத்ததும் பிளக்கைப் பிடுங்குவது, திரையில் கேட்ட கேள்விக்குப் படிக்காமல் ஒப்புதல் கொடுப்பது, விண்டோஸ் எழவில்லை என்றதும் டிஸ்கை ஃபார்மட் செய்வது. ஆகவே முதலில் அறிகுறியைப் பாருங்கள். கீழே உங்கள் கணினி காட்டும் அறிகுறியைக் கண்டுபிடித்து அந்தப் பகுதியிலிருந்து தொடங்கலாம்.

அதற்கு முன் ஒரு சிறு விளக்கம். பவர் போட்டதும் முதலில் ஓடி, கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்தான் பயாஸ். அது இருப்பது போர்டில் ஒட்டியுள்ள எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. இன்றைய போர்டுகளில் பெரும்பாலும் 16 அல்லது 32 எம்.பி. கொள்ளளவு. அப்டேட் என்பது அதில் இருப்பதை அழித்து, புதியதை எழுதி, எழுதியது சரியா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது. அழித்ததற்கும் எழுதி முடித்ததற்கும் இடையே மின்சாரம் போனால் பிராசசருக்கு முதல் கட்டளையைச் சொல்ல ஆளில்லாமல் போகிறது. இது ஒரு வகைச் சிக்கல். எழுதுதல் ஒழுங்காக முடிந்தும், பழைய அமைப்புகள் எல்லாம் அழிந்து கம்பெனி அமைப்புக்குத் திரும்பியதால் வருவது இன்னொரு வகை. கடைக்கு வருவதில் இரண்டாவதுதான் அதிகம். அதற்குச் செலவும் இல்லை.

சதவீதப் பட்டை பாதியில் நிற்கிறது

எதையும் தொடாதீர்கள். தாலி கட்டும் நேரத்தில் மாப்பிள்ளையின் கையைத் தட்டிவிட யாரும் துணிய மாட்டார்கள் அல்லவா, அதே மரியாதையை இந்தப் பட்டைக்கும் கொடுங்கள். சில போர்டுகளில் பட்டை ஒரே இடத்தில் சில நிமிடம் நின்றுவிட்டு ஒரே தாவலில் முடிந்துவிடும். சிலவற்றில் திரை அணைந்து, விசிறி முழு வேகத்தில் இரைந்து, கணினி தானாகவே இரண்டு மூன்று முறை அணைந்து எழும். லேப்டாப்களில் இது மிகச் சாதாரணம். பயாஸ் முடிந்த பின் உள்ளிருக்கும் மற்றச் சிறு கட்டுப்பாட்டுச் சிப்புகளுக்கும் வரிசையாக எழுதுகிறது.

ஒரு மணி நேரம் பார்த்துவிட்டும் அசைவில்லை என்றால் மட்டும் அடுத்ததை யோசியுங்கள். காத்திருக்கும்போது பென் டிரைவின் விளக்கு எப்போதாவது மின்னுகிறதா என்று கவனியுங்கள். மின்னினால் வேலை நடக்கிறது. விண்டோஸுக்குள் இருந்து இயங்கும் அப்டேட் மென்பொருளில் பட்டை உறைந்து, மவுஸ் மட்டும் நகர்ந்தால் அவசரப்பட்டு ரீஸ்டார்ட் கொடுக்காதீர்கள். அந்த மென்பொருளை மூடிவிட்டு, கணினியை அணைக்காமல், அதே கோப்பை மறுபடி எழுத முயலலாம். விண்டோஸ் உயிரோடு இருக்கும் வரை சிப்பைத் திருத்த வாய்ப்பு உண்டு. அணைத்துவிட்டால் அந்த வாய்ப்பு போகும். டெஸ்க்டாப்பில் விண்டோஸுக்குள் இருந்து பயாஸ் எழுதுவதையே நான் விரும்புவதில்லை. பின்னணியில் ஆன்டிவைரஸ், பிரிண்டர் மென்பொருள், இன்னும் என்னென்னவோ ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அந்த வேலை எதற்கு? போர்டின் பயாஸ் திரைக்குள்ளேயே எழுதும் வசதி இருக்கிறது.

முடிந்தது என்றது; மறுபடி எழுந்ததும் திரை கறுப்பு, விசிறி மட்டும் சுற்றுகிறது

அதிகப் பேரைப் பயமுறுத்தும் அறிகுறி இதுதான். அதிகமாகப் பிழைத்துக்கொள்வதும் இதுதான்.

முதல் சந்தேகம் ராம் பயிற்சி. டி.டி.ஆர்.5 ராம் கொண்ட போர்டுகள், குறிப்பாக ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட் போர்டுகள், புதிய பயாஸுடன் முதன்முறை எழும்போது ராமின் நேர அளவுகளைத் தாமே சோதித்துப் பார்த்து அமைத்துக்கொள்ளும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. சில நிமிடங்கள் ஆகும், 64 ஜி.பி.க்கு மேல் ராம் போட்டிருந்தால் பத்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகலாம். இடையில் அணைத்தால் பயிற்சி மறுபடி முதலிலிருந்து தொடங்கும். மூன்று முறை அணைத்துப் போட்டுவிட்டு "எத்தனை முறை போட்டாலும் வரவில்லை" என்று சொல்கிறவர் ஒருமுறைகூட அதை முடிக்க விட்டிருக்க மாட்டார்.

இரண்டாவது, போர்டின் ஓரத்தில் உள்ள நான்கு குட்டி விளக்குகள். பிராசசர், ராம், கிராபிக்ஸ், பூட் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்று; பக்கத்தில் பெயர் அச்சிட்டிருக்கும். கேபினட்டின் பக்கத் தகட்டைக் கழற்றினால் தெரியும். விளக்கு ஒவ்வொன்றாக மாறிக்கொண்டிருந்தால் பயாஸ் உயிரோடு இருக்கிறது என்று பொருள். எது நிலைத்து எரிகிறதோ அங்கே பாருங்கள்.

கிராபிக்ஸ் விளக்கு எரிந்தால் முதலில் மானிட்டர் கேபிளைப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தும் சிலர் மானிட்டரைப் போர்டின் பின்புற வாயில் செருகியிருப்பார்கள். முன்பு பயாஸில் இரண்டையும் இயக்கும்படி அமைத்திருந்ததால் அது வேலை செய்தது. அப்டேட்டோடு அந்த அமைப்பு போய்விட்டது. கேபிளைக் கார்டுக்கு மாற்றினால் படம் வந்துவிடும். இன்டெல் பிராசசரின் பெயர் எஃப் என்று முடிந்தால் அதில் உள் கிராபிக்ஸே இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

இன்னொரு காரணம் பழைய கார்டு. புதிய பயாஸ்கள், கணினி பழைய முறையில் எழுவதற்கு ஆதரவு தரும் சி.எஸ்.எம். என்ற வசதியை இயல்பாகவே அணைத்து வைக்கின்றன. 2012-க்கு முன் வந்த கார்டுகள் பலவற்றுக்கு யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறையில் படம் காட்டத் தெரியாது. அந்தக் கார்டைக் கழற்றிவிட்டு உள் கிராபிக்ஸிலோ, புதிய கார்டு ஒன்றை இரவல் வாங்கியோ உள்ளே போய் சி.எஸ்.எம்.மை இயக்கிவிட்டு வர வேண்டும்.

ராம் விளக்கு எரிந்தால் ஒரே ஒரு ராமை மட்டும், நான்கு இடமுள்ள போர்டில் பிராசசரிலிருந்து இரண்டாவது இடத்தில் செருகிப் பாருங்கள். இங்கே நம் ஊருக்கென்று ஒரு தனிக் காரணமும் உண்டு. தேவனாம்பட்டினத்திலோ, முதுநகரிலோ, புதுவையில் முத்தியால்பேட்டைக் கடற்கரைப் பக்கமோ ஜன்னல் திறந்த அறையில் சில வருடம் இருந்த கணினியின் ராமைக் கழற்றிப் பாருங்கள். தங்க முலாம் பூசிய விரல்களின் மேல் மங்கலான ஒரு படலம் இருக்கும். ஓரத்தில் பச்சைப் புள்ளிகளும் இருக்கலாம். பின்புறத் தகட்டின் திருகுகளில் துரு ஏறியிருக்கும். உப்புக் காற்றின் வேலை. இத்தனை நாள் பழைய பயாஸ் பொறுத்துக்கொண்ட தொடர்பை, புதிய பயாஸ் புதிதாகச் சோதிக்கும்போது ஏற்க மறுக்கிறது. பழி அப்டேட் மேல் விழுகிறது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மெல்லிய துணியில் தொட்டு விரல்களைத் துடைத்து, நன்கு காயவிட்டு மறுபடி செருகினால் எழுந்துவிடும். பென்சில் ரப்பரால் தேய்ப்பது கடை வழக்கம்; அவசரத்துக்குப் பரவாயில்லை, ஆனால் அழுத்தித் தேய்த்தால் முலாமே போய்விடும்; ரப்பர்த் தூளும் சாக்கெட்டுக்குள் போகும்.

இவை எதுவும் பலிக்கவில்லை என்றால், பயாஸின் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் சீமாஸ் நினைவகத்தை அழியுங்கள். இதை அரைகுறையாகச் செய்துவிட்டுப் பலனில்லை என்பவர்கள் ஏராளம். எஸ்.எம்.பி.எஸ். என்ற மின்சாரப் பெட்டியின் பின்புறச் சுவிட்சை அணைத்து, மின்கம்பியையும் கழற்ற வேண்டும். பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து, தேங்கிய மின்சாரத்தை வெளியேற்ற வேண்டும். பிறகு போர்டில் அதற்கென்று உள்ள இரண்டு ஊசிகளை ஜம்பராலோ ஸ்குரூ டிரைவர் நுனியாலோ சில நொடி இணைக்க வேண்டும். எந்த ஊசிகள் என்பதைக் கையேட்டைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பக்கத்தில் உள்ள யூ.எஸ்.பி. ஊசிகளை இணைத்துவிட்டால் அது வேறு கதையாகிவிடும். ஊசிகள் இல்லையென்றால் வட்ட பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்துவிட்டுப் போடுங்கள். கழற்றிய பேட்டரியை மல்டிமீட்டரில் பார்த்துவிடுவது நல்லது. சி.ஆர்.2032 புதிதாக இருக்கும்போது 3 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 2.8-க்குக் கீழே வந்துவிட்டால் புதிதாகப் போடுங்கள்.

பிட்லாக்கர் பூட்டு உள்ள கணினி என்றால் சீமாஸை அழிக்கும் முன் கீழே அதைப் பற்றிய பகுதியைப் படித்துவிடுங்கள்.

எழுதும்போது கரண்ட் போனது. இப்போது விசிறி சுற்றி, நின்று, மறுபடி சுற்றுகிறது

இதுதான் உண்மையில் சிப் பாதியில் நின்ற நிலை. விளக்குகள் எதுவும் மாறாமல், அல்லது எரியவே எரியாமல், சில நொடிக்கு ஒருமுறை தானே அணைந்து எழும். இதற்கும் வழி இருக்கிறது. போர்டைப் பொறுத்து வழி மாறும்.

பழைய ஜிகாபைட் போர்டுகள் பலவற்றில் இரண்டு பயாஸ் சிப்புகள் உண்டு. ஒன்று கெட்டால் மற்றது எழும். 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். வைரஸ் உலகெங்கும் கணினிகளின் பயாஸை அழித்தது. அப்படி அழிந்தாலும் எழ ஒரு மாற்று வழி வேண்டும் என்பதை அந்த நாள் எல்லோருக்கும் உறைக்கச் செய்தது. விலை குறைந்த புதிய போர்டுகளில் இந்த இரட்டைச் சிப் அரிதாகிவிட்டது. அதற்குப் பதில் வந்திருப்பது ஃபிளாஷ்பேக் பட்டன்.

போர்டின் பின்புறம் ஒரு குட்டிப் பட்டனும், அதற்குரிய யூ.எஸ்.பி. வாயும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏசஸில் பயாஸ் ஃபிளாஷ்பேக், எம்.எஸ்.ஐ.யில் ஃபிளாஷ் பயாஸ், ஜிகாபைட்டில் கியூ-ஃபிளாஷ் பிளஸ் என்று பெயர். இது பெரும்பாலான போர்டுகளில் பிராசசரோ ராமோ இல்லாமலே வேலை செய்யும், எஸ்.எம்.பி.எஸ்.ஸின் 24 ஊசிக் கம்பியும் பிராசசருக்கான 8 ஊசிக் கம்பியும் செருகியிருந்தால் போதும். வேறொரு கணினியில் சரியான பயாஸ் கோப்பை இறக்கி, விரித்து, கையேடு சொல்லும் பெயரை எழுத்துப் பிசகாமல் வைத்து, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவின் வெளி அடுக்கில் போடுங்கள். உள்ளே வேறு கோப்பு எதுவும் வேண்டாம். 32 ஜி.பி.க்கு மேற்படாத பழைய யூ.எஸ்.பி. 2.0 டிரைவ்தான் இதற்கு மிக நம்பகமானது. பளபளக்கும் புதிய 128 ஜி.பி. டிரைவை இந்த வசதி பல நேரம் கண்டுகொள்வதே இல்லை.

பட்டனை அழுத்தியதும் விளக்கு மின்னத் தொடங்கும். மின்னிக்கொண்டே இருந்தால் எழுதுகிறது. ஏசஸ் போர்டுகளில் சில நொடி மின்னிவிட்டு விளக்கு நிலையாக எரிந்தால் கோப்பைப் படிக்க முடியவில்லை என்று பொருள்: பெயர் தப்பு, வாய் தப்பு, அல்லது ஃபார்மட் தப்பு. பெரும்பாலும் பெயர்தான். விண்டோஸ் கோப்பின் பின்னொட்டை மறைத்துக் காட்டுவதால் ஒரே பின்னொட்டு இரண்டு முறை ஒட்டியிருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது.

லேப்டாப்பில் பட்டனுக்குப் பதில் விசைகள். எச்.பி. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைச் செருகி, விண்டோஸ் விசையையும் பி எழுத்தையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பவர் பட்டனை இரண்டு மூன்று நொடி அழுத்திவிட்டால் பல மாடல்கள் மீட்புத் திரைக்குப் போகும். டெல்லில் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் பிடித்துக்கொண்டு சார்ஜரைச் செருக வேண்டும். டிஸ்கிலேயே ஒளித்து வைத்துள்ள பயாஸ் பிரதியை அவை தேடி எடுக்கும். டிஸ்கை முழுவதும் அழித்து விண்டோஸ் போட்ட லேப்டாப்களில் அந்தப் பிரதி இருக்காது. அப்போது பென் டிரைவ் தேவைப்படும்.

இதுவும் இல்லையென்றால் கடைசி வழி புரோகிராமர். சி.எச்.341ஏ என்ற மலிவான கருவியின் கவ்வியைச் சிப்பின் கால்களில் மாட்டி நேரடியாக எழுதுவது. வீடியோ பார்த்தால் எளிதாகத் தெரியும். அதில் சொல்லாமல் விடும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, மின்னழுத்தம். சிப்பின் மேல் உள்ள எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் படியுங்கள். வின்பாண்ட் 25கியூ128 என்பதற்குப் பின் எஃப்.வி. அல்லது ஜே.வி. என்றிருந்தால் அது 3.3 வோல்ட் சிப், எஃப்.டபிள்யூ. அல்லது ஜே.டபிள்யூ. என்றிருந்தால் 1.8 வோல்ட். இரண்டாவது வகைக்கு அடாப்டர் இல்லாமல் மாட்டினால் சிப் சாகலாம். அந்தக் கறுப்பு நிறக் கருவிகளில் பல, தரவுக் கால்களில் 5 வோல்ட்டை அனுப்பும் கோளாறு கொண்டவை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டு, சிப்பில் இருப்பது பயாஸ் மட்டும் அல்ல. உங்கள் கணினியின் வரிசை எண், நெட்வொர்க் முகவரி, லேப்டாப் என்றால் விண்டோஸ் உரிம எண் ஆகியவையும் அதில்தான் இருக்கும். இணையத்தில் இறக்கிய கோப்பை அப்படியே எழுதினால் கணினி எழும், ஆனால் பெயரற்ற அனாதையாக எழும். முதலில் பழையதை இரண்டு முறை படித்து, இரண்டும் ஒன்றா என்று ஒப்பிட்டு, பத்திரப்படுத்திய பிறகே எழுத வேண்டும். இதைத் தானாகச் செய்யாத கடையில் கொடுக்காதீர்கள். "பழைய டம்ப் எடுத்து வைப்பீர்களா?" என்று கேட்டால் ஆளின் தரம் தெரிந்துவிடும்.

நீலத் திரை 48 இலக்க எண்ணைக் கேட்கிறது

இந்தப் பகுதிதான் எனக்கு மிக முக்கியமானது. போர்டு போனால் வேறு வாங்கலாம். இங்கே போவது குழந்தையின் படங்களும் பத்து வருடக் கணக்கும்.

விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு, டிஸ்கின் சாவியை டி.பி.எம். என்ற பாதுகாப்புப் பெட்டகத்தில் வைக்கிறது. பயாஸ் மாறினால் "இது நான் அறிந்த கணினி இல்லை" என்று பெட்டகம் சாவியைத் தர மறுக்கும். அப்போது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். "நான் பிட்லாக்கர் எதையும் போடவில்லையே" என்பார்கள். உண்மைதான், நீங்கள் போடவில்லை. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நிறுவும்போது அதுவே பூட்டிக்கொள்கிறது. 24எச்2 பதிப்பிலிருந்து இது இன்னும் பல கணினிகளுக்குப் பரவியிருக்கிறது. இன்னும் ஒரு வேடிக்கை: பல லேப்டாப்களுக்குப் பயாஸ் அப்டேட் விண்டோஸ் அப்டேட்டின் வழியாகவே வந்துவிடும். இரவு மூடி வைத்த லேப்டாப் காலையில் எண் கேட்கிறது என்றால் இதுதான் நடந்திருக்கும்.

எண் எங்கே? போனில் மைக்ரோசாஃப்ட் கணக்குக்குள் நுழைந்து, மீட்புச் சாவிகள் பக்கத்தைத் திறங்கள். திரையில் காட்டும் அடையாள எழுத்துகளின் முதல் எட்டையும் அந்தப் பட்டியலையும் ஒப்பிட்டு, பொருந்தும் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கணக்கில் எதுவும் இல்லையென்றால் பதறுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள்: முதன்முதலில் விண்டோஸை அமைத்துக் கொடுத்தது யார்? விற்ற கடையின் பையன் தன் சொந்த மின்னஞ்சலைப் போட்டு அமைத்திருப்பான். சாவி அவன் கணக்கில் தூங்கிக்கொண்டிருக்கும். லாஸ்பேட்டையைச் சேர்ந்த கல்லூரி ஆசிரியை ஒருவரின் ஆய்வேட்டு லேப்டாப் இப்படித்தான் பூட்டிக்கொண்டது. கடையை விட்டுப் போன பையனைத் தேடிப்பிடித்து, "தம்பி, உன் மெயிலைக் கொஞ்சம் திறந்து பாருப்பா" என்று கேட்டு எண்ணை வாங்க வேண்டியதாயிற்று. பிள்ளைக்கு லேப்டாப் வாங்கியவர்கள் இன்றே யார் கணக்கு என்று பார்த்துவிடுங்கள்.

எண் கிடைக்கும் வரை பயாஸில் ஒன்றை மட்டும் முயலலாம். செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் எழவிடும் அமைப்பு) அணைந்திருந்தால் இயக்குங்கள், டி.பி.எம். அணைந்திருந்தால் இயக்குங்கள். முன்பிருந்த நிலை திரும்பினால் பெட்டகம் சில நேரம் தானே திறந்துகொள்ளும். பெட்டகத்தை அழிக்கும் கட்டளை எதையும் தொடாதீர்கள். எண் இல்லையென்றால் அந்த டிஸ்கைத் திறக்க யாராலும் முடியாது. முடியும் என்று பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

புதிய பிராசசர், எஃப்.டி.பி.எம். என்று ஏதோ எழுதி, ஒய் (Y) அழுத்தவா, என் (N) அழுத்தவா என்று கேட்கிறது

ஏ.எம்.டி. கணினிகளில் அப்டேட்டுக்குப் பின் வரும் கறுப்புத் திரை இது. பிராசசரை மாற்றாமலே வரும். ஒய் அழுத்தினால், எஃப்.டி.பி.எம். என்று திரை சொல்லும் அந்த டி.பி.எம். பெட்டகத்தில் உள்ள சாவிகள் அழியும். பிட்லாக்கர் இருந்தால் மீட்பு எண் இல்லாமல் விண்டோஸ் திறக்காது. என் (N) அழுத்தினால் பழைய சாவிகளை வைத்துக்கொண்டு தொடரும். மீட்பு எண் கையில் இல்லாதவர் என் (N) எழுத்தையே அழுத்த வேண்டும். கேமுக்காக மட்டும் வைத்திருக்கும், பூட்டே இல்லாத கணினி என்றால் ஒய் அழுத்திவிட்டுப் போகலாம்.

பயாஸ் வருகிறது, விண்டோஸ் வரவில்லை

பூட் டிஸ்க் இல்லை என்றோ, நீலத் திரையில் பூட் சாதனத்தை அணுக முடியவில்லை என்றோ வரும். விண்டோஸ் அப்படியே இருக்கிறது. அதைப் படிக்கும் முறைதான் மாறிவிட்டது. பயாஸில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் முதலில் இருக்கிறதா? பழைய முறையில் நிறுவிய விண்டோஸ் என்றால் சி.எஸ்.எம். இயங்குகிறதா? டிஸ்க் கட்டுப்பாட்டு முறை முன்பிருந்தபடி இருக்கிறதா? இன்டெல் 11-ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்கைக் கையாளும் வி.எம்.டி. என்ற அமைப்பு இருக்கும். முன்பு அணைத்து வைத்து விண்டோஸ் போட்டிருந்தால், அப்டேட் அதை இயக்கிவிட்டிருக்கும். மாற்றிப் பாருங்கள், எழுந்துவிடும். மாற்றாமல் விண்டோஸை மறுபடி நிறுவப் போனால் நிறுவும் திரையில் டிஸ்கே தெரியாது. அதைப் பார்த்து "எஸ்.எஸ்.டி.யும் போய்விட்டது" என்று புதிது வாங்கியவர்கள் உண்டு.

இரண்டு டிஸ்கை ஒன்றாகக் காட்டும் ரெய்டு முறையில் இணைத்திருந்தவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ரெய்டு முறை அணைந்தால் அவை இரண்டு தனி டிஸ்குகளாகத் தெரியும். விண்டோஸ் "ஃபார்மட் செய்யட்டுமா?" என்று கேட்கும். வேண்டாம் என்று மூடிவிட்டு, பயாஸில் ரெய்டை இயக்குங்கள். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு பூட் பதிவு மட்டும் அழிந்திருக்கும். லைவ் பென் டிரைவில் எழுப்பி அந்தப் பதிவைத் திரும்பச் சேர்த்தால் போதும்.

எல்லாம் வந்துவிட்டது, ஆனால் ஏதோ சரியில்லை

வேகம் குறைந்தால், ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ அமைப்பு அணைந்திருக்கும். போன் எமுலேட்டர் ஓடவில்லை என்றால் வர்ச்சுவலைசேஷனை இயக்குங்கள். விசிறி இரைந்தால் அதன் வேக அமைப்பை மறுபடி போடுங்கள். வாலரன்ட் கேம் திறக்கவில்லை என்றால் டி.பி.எம்.மையும் செக்யூர் பூட்டையும் இயக்குங்கள். மணி தப்பாகக் காட்டினால், போர்டின் வட்ட பேட்டரியைப் பாருங்கள்.

பழைய பதிப்புக்குத் திரும்ப முடியவில்லை, அல்லது பழைய பிராசசர் எழவில்லை

பல நிறுவனங்கள் பாதுகாப்புத் திருத்தத்துக்குப் பின் பின்னோக்கிப் போவதை அடைத்துவிடுகின்றன. அதைத் தாண்ட முயல்வது வீண். ஏ.எம்.4 போர்டுகளில் வேறொன்று நடந்தது: 16 எம்.பி. சிப்பில் புதிய ரைசன்களுக்கு இடம் தர, சில போர்டுகளின் பயாஸிலிருந்து பழைய பிரிஸ்டல் ரிட்ஜ் பிராசசர்களின் ஆதரவை நீக்கினார்கள். அந்தப் பழைய பிராசசரோடு புதிய பயாஸை எழுதியவருக்கு நோ டிஸ்பிளேதான். ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால் பழையதை எழுதலாம்; இல்லையென்றால் புதிய பிராசசர் வாங்க வேண்டியதுதான். பதிவிறக்கப் பக்கத்தில் ஒவ்வொரு பதிப்பின் கீழும் உள்ள சிறு எழுத்துக் குறிப்பைப் படித்தால் இது தெரியும். "முதலில் இன்ன பதிப்பை எழுதிவிட்டு வரவும்" என்ற நிபந்தனையும் அங்கேதான் இருக்கும்.

இன்னும் எழுதவில்லை, எழுதலாமா என்று யோசிக்கிறீர்கள்

மஞ்சக்குப்பத்தில் மளிகைக் கடையில் பில் போடும் கணினி ஒழுங்காக ஓடுகிறதா? விட்டுவிடுங்கள். எண் பெரியது என்பதற்காகப் புதுப்பிக்கத் தேவையில்லை. காரணம் இருந்தால் தள்ளிப்போடவும் கூடாது. இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் மின்னழுத்தக் கோளாறால் சிப்பே தேய்ந்தது. அதற்கான திருத்தம் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் வழியாகத்தான் வந்தது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000 எக்ஸ்3டி பிராசசர்கள் சில கருகியபோது, மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டில் கட்டிப்போட்டதும் பயாஸ்தான். இத்தகைய கணினி வைத்திருப்பவருக்கு அப்டேட் செய்யாமல் இருப்பதே ஆபத்து.

போர்டின் பெயரை அட்டைப் பெட்டியில் பார்க்காமல் போர்டிலேயே பாருங்கள். ஜிகாபைட் போர்டின் மூலையில் ரெவிஷன் எண் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், 1.0-க்கும் 1.2-க்கும் பயாஸ் வேறாக இருக்கலாம். பிறகு பயாஸ் திரைகள் ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பாதிச் சிக்கல்கள் அந்தப் படங்களோடு முடிந்துவிடும். பிட்லாக்கரைக் கட்டுப்பாட்டுப் பலகையில் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள். எண்ணைத் தாளிலும் எழுதி வையுங்கள்.

அடுத்தது கரண்ட். நெய்வேலி பக்கத்தில் இருந்தாலும் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நமக்கும் உண்டு. முதல் நாள் செய்தித்தாளில் பகுதிவாரியாக வரும், பார்த்துவிட்டு நாள் குறியுங்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே, 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று புயல்கள் கரையேறும் கடற்கரை இது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் கறுத்திருக்கும் மாலையில் பயாஸில் கை வைக்க வேண்டாம். யூ.பி.எஸ். இருக்கிறது என்ற தைரியமும் சோதித்த பிறகே வரட்டும். கணினியைப் பயாஸ் திரையில் நிறுத்திவிட்டு, சுவர்ச் சுவிட்சை அணையுங்கள். பத்து நிமிடம் தாங்கினால் நம்பலாம். மூன்று வருடப் பேட்டரிகள் பல "பீப்" என்ற ஒரே சத்தத்தோடு விடைபெறும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள் அதன் பின்புறச் சுவிட்ச் யூ.பி.எஸ். நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் மாறுவதற்கு எடுக்கும் நேரத்தை மின்விசிறி உணராது, கணினி அணைந்துவிடும்.

எதற்கும் அசையவில்லை

ஃபிளாஷ்பேக்கும் புரோகிராமரும் தோற்று, பவர் பட்டனுக்கு விசிறிகூட அசையவில்லை என்றால் சிக்கல் பயாஸில் இல்லாமல் இருக்கலாம். வேறொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டிப் பாருங்கள். அதற்கும் பலனில்லை, உத்தரவாதக் காலமும் இருக்கிறது என்றால் சிப் லெவல் சர்வீஸுக்குக் கொடுக்காமல் விற்ற கடை வழியாகவே அனுப்புங்கள்; சால்டரிங் தடம் தெரிந்தால் உத்தரவாதம் போகும். அனுப்புமுன் பிராசசரைக் கழற்றி, போர்டு வாங்கும்போது சாக்கெட்டின் மேல் இருந்த கறுப்புப் பிளாஸ்டிக் மூடியைப் பொருத்துங்கள். மூடி இல்லாமல் போய், வழியில் ஓர் ஊசி வளைந்துவிட்டால் அதையே காரணம் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த மூடியைத் தூக்கிப் போட்டிருந்தால், புதிய போர்டு விற்கும் எந்தக் கடையிலும் மேசை இழுப்பறையில் நாலைந்து கிடக்கும். சாக்கெட் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், சும்மாவே கொடுப்பார்கள்.